பழைய டீசல் கம்ப்ரஸர்: எதைப் பழுது பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது?



நான் படவேட்டுக்காரன். ரேணுகாம்பாள் கோயில் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா ஆரணிப் பட்டுக்குக் கூலி நெசவு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். இங்கே சேர்ந்தபோது என் முதல் பீஸைக் கட்டியவர் தாய்மாமா. அவருக்கு ரோட்டோரம் பஞ்சர் கடை. ஆக, ஒரு பழைய கம்ப்ரஸர் பிடித்த காற்றில்தான் நான் படிக்க வந்தேன். போன கோடை விடுமுறையில் அதே கம்ப்ரஸர் படுத்துவிட்டது. மாமாவும் நானும் வீட்டுத் தோட்டத்தில் போட்டுப் பிரித்தோம். நாளைக்கு நீங்களும் இப்படி ஒன்றைப் பிரிக்க நேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ரூடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியதே அமுக்கிய காற்றுதான். அதற்காகவே அதனோடு ஒரு கம்ப்ரஸர் இருந்தது. டீசல் என்ஜினும் கம்ப்ரஸரும் பிறவியிலேயே சொந்தக்காரர்கள்!

எங்கள் கம்ப்ரஸர் முதலில் கரண்ட் மோட்டாரில் ஓடியது. முன்பு வைத்திருந்தவர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கிணற்றில் சும்மா கிடந்த 5 எச்.பி. ஆயில் என்ஜினை பெல்ட் போட்டு இணைத்திருந்தார். மாமா அதை அப்படியே செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

என்ஜின்

ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். டீசல் லைனில் காற்று பிடித்திருந்தது. பம்பின் ஸ்குருவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை விட்டு மூடினோம். நாசிலைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தபோது புகைபோலத் தூவவில்லை, சொட்டியது. நாசில் மாற்றி, வால்வு கிரைண்டிங் செய்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இதில் மாமாதான் வாத்தியார், நான் எடுபிடி. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். என்ஜின் திருப்பி அடித்தால் விரல் தப்பும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

ஹெட்டும் புல்லியும்

கம்ப்ரஸர் ஹெட்டில் வால்வு பிளேட் முழுக்கக் கரி. காரணம் புல்லி. என்ஜின் 1500 ஆர்.பி.எம். கம்ப்ரஸரின் பெயர்த் தகட்டில் 800 என்று இருக்கிறது. அதன் வீல் 15 அங்குலம். அப்படியானால் என்ஜின் புல்லி 15-ஐ 800-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 8 அங்குலம். போட்டிருந்ததோ 10 அங்குலம்! ஓடியது 1000 ஆர்.பி.எம். சீக்கிரம் காற்று ஏறும் என்று யாரோ செய்த வேலை. சூடு ஏறி ஆயில் கருகியது. 8 அங்குலப் புல்லி மாற்றினோம்.

அடுத்தது அன்லோடர். மோட்டாரில் ஓடும்போது டேங்க் நிறைந்ததும் பிரஷர் சுவிட்ச் கரண்டை நிறுத்திவிடும். ஆயில் என்ஜினுக்கு அந்த சுவிட்ச் உதவாது. அதனால் அன்லோடர் வேண்டும். குறித்த அழுத்தம் வந்ததும் அது உறிஞ்சும் வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் ஓடும், காற்று வந்த வழியே திரும்பிப் போகும். எங்களுடையதில் அது இல்லவே இல்லை. மாமா என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே நிறுத்துவாராம். கேஜ் முள் 8-லேயே செத்து நின்றது. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளக். "அது காத்தை வீணாக்குதுடா, அதான் அடைச்சிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டேங்க்

அடியில் உள்ள டிரெயின் காக் துருவேறி இறுகியிருந்தது. திறந்ததும் டீத்தண்ணீர் நிறத்தில் கொட்டியது. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தங்கும். தினமும் விடாவிட்டால் உள்ளிருந்தே தின்னும். சுத்தியால் தட்டினேன். மேலே கணீர் என்றது, அடியில் மொத் என்றது. பெயிண்டைச் சுரண்டினால், வெல்டிங் வைத்த ஒட்டுத் தகடு!

"இன்னொரு வெல்டிங் வெச்சா போச்சு, ஆடி வருது" என்றார் மாமா. ஆடி வெள்ளி என்றால் எங்கள் ஊரில் வண்டி நிற்க இடமிருக்காது. அவருடைய வருஷ வருமானத்தில் பெரிய பங்கு அந்த நாட்களில்தான். பீஸ் கட்டிய மனிதரிடம் பதினெட்டு வயசுப் பையன் எப்படி மறுத்துப் பேசுவது?

சாக்பீஸ் எடுத்துக் கணக்குப் போட்டேன். நாம் படித்த மெல்லிய உருளைச் சூத்திரம்தான்: அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிப்பின் இருமடங்கால் வகுக்க வேண்டும். அழுத்தம் 10 கிலோ, விட்டம் 45 சென்டிமீட்டர். தகடு 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 450 கிலோ. துரு தின்று 1 மில்லிமீட்டர் ஆனால் 2250. சாதாரண இரும்புத் தகடு சுமார் 2500-இல் விட்டுக்கொடுத்துவிடும். டேங்கின் ஒரு பக்க மூடியை மட்டும் காற்று தள்ளுவது சுமார் 16 டன்!

மாமா பேசவில்லை. சூத்திரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு கேட்டேன்: "லாரி டயருக்குக் காத்து அடிக்கிறப்ப லாக் ரிங்குக்கு நேரா உட்காருவீங்களா மாமா?"

"எவனாவது உட்காருவானா? தெறிச்சா தலையே போயிடும்."

"அந்தக் காத்து இந்த டேங்க்லேருந்துதானே போகுது? இதுக்குப் பக்கத்திலதான் தம்பி உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதறான்."

மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "சரி, டெஸ்ட் பண்ணு" என்றார்.

பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்கும் கை பம்ப்பை கேஜோடு வாடகைக்கு எடுத்தோம். டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேல் துளை வழியாகக் காற்றை ஒரு குமிழி இல்லாமல் வெளியேற்றினோம். இந்தச் சோதனையைக் காற்றால் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, விரிசல் விட்டால் கொஞ்சம் கசிந்ததுமே அழுத்தம் இறங்கிவிடும். காற்று ஸ்பிரிங் மாதிரி. அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நொடியில் பாயும். வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 15 கிலோ ஏற்ற வேண்டும். 12-ஐத் தொடும்போதே ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் வியர்வை மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். முள் இறங்கியது. தினமும் 10 கிலோ அளவில் ஓடிய டேங்க் அது. நடுவே இருந்தது வெறும் 2 கிலோ.

அமெரிக்காவின் பிராக்டன் ஊரில் 1905 மார்ச் 20 அன்று ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பழைய பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். மூட்டுக்குள் மறைந்திருந்த விரிசல்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பாய்லர் செய்வதற்குப் பொது விதிமுறை பிறந்து, 1915-இல் அச்சானது. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் அழுத்தக் கலங்களுக்கென்று 31-ஆம் பிரிவு வைத்தார்கள். ஆனால் ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? படித்த நாம்தான் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, சுருக்கமாக:

1. என்ஜின், ஹெட், புல்லி இவற்றைத் தாராளமாகப் பழுது பாருங்கள். துருப்பிடித்த டேங்குக்கு ஒட்டுப் போடாதீர்கள், மாற்றுங்கள்.
2. சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள். டேங்குக்கும் அதற்கும் நடுவே வேறு வால்வும் வைக்காதீர்கள்.
3. டீசல் என்ஜின் என்றால் அன்லோடர் கட்டாயம்.
4. தினமும் மாலையில் டேங்க் தண்ணீரை விடுங்கள்.
5. பெல்ட்டுக்கு வலைக்கூண்டு போடுங்கள். தோளில் துண்டோடு பக்கத்தில் போகாதீர்கள். மூடிய அறைக்குள் என்ஜினை ஓட்டாதீர்கள்.

புது டேங்குக்குப் பணம்? அம்மா சீட்டுப் பணத்தைக் கொடுத்தாள். "தறியிலே ஒரு இழை அறுந்தாலே நிறுத்தி முடிஞ்சிட்டுத்தான் மேலே போறோம், இதுக்கு யோசிப்பாங்களா?" என்றார் அப்பா. எல்லாவற்றையும் சக்கரம் வைத்த ஒரு டிராலியில் ஏற்றி, ஆடி முதல் வெள்ளிக்கு வண்டிகள் நிற்கும் இடத்துக்கே தள்ளிக்கொண்டு போனோம்.

பழைய டேங்கை, டேங்காகவே கொடுத்தால் நல்ல விலை தருவதாக ஒருவர் கேட்டார். மாமா கொடுக்கவில்லை. கேஸ் கட்டிங்காரரைக் கூப்பிட்டு நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். துரு தின்ற பாதியை எடைக்குப் போட்டார். மேல் பாதியில் இப்போது தண்ணீர் ஊற்றி, டியூபை முக்கிப் பஞ்சர் பார்க்கிறோம்.

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்