வட்டில் ஏறிய சிற்றிதழ்கள்

சிற்றிதழ் என்றால் கடுதாசி, மை, அச்சகக் கடன் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். 1989இல் பிரான்சில் தொடங்கிய 'அலீர்' என்ற கவிதை இதழுக்குக் கடுதாசியே தேவைப்படவில்லை. பிலிப் பூட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கவிதைகளைக் கணினி நிரல்களாக எழுதி, பிளாப்பி வட்டில் பதிந்து வாசகருக்கு அனுப்பினார்கள். வட்டைக் கணினியில் போட்டால் திரையில் சொற்கள் அசையும், மாறும். சில ஆண்டுகளில் வேகம் கூடிய கணினிகள் வந்தன. பழையதில் ஆறுதலாக ஓடிய கவிதை, புதியதில் கண்மூடித் திறக்குமுன் ஓடி முடிந்தது. வட்டில் இருந்ததெல்லாம் இருந்தபடியே இருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இப்படியொரு இதழை நினைத்தும் பார்த்திருக்க ஏலாது. 1990இன் நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவேயில்லை. 1966இல் டொமினிக் ஜீவா தமது சிகை அலங்கரிப்பு நிலையத்தை நம்பித் தொடங்கிய 'மல்லிகை'யும், 1975இல் வந்த 'அலை'யும் ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்தவை. நம்மவர் பலருக்கு மல்லிகை தன் பக்கங்களைத் திறந்துவிட்டது என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு கணினி எழுத்துக்கோப்பு வந்தது. 2007இல் அல்வாயிலிருந்து 'ஜீவநதி' வரத் தொடங்கியபோது ஈய எழுத்தின் காலம் முடிந்துவிட்டது. எழுத்தாளர் வீட்டிலிருந்து அச்சகத்துக்கு முதலில் பிளாப்பி போனது, பிறகு இறுவட்டு போனது. வாசகர் கையில் தாள், மூலமோ வட்டில்.

ஒரு பிளாப்பியில் எவ்வளவு கொள்ளும்? அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட். பக்கத்துக்கு 2,500 எழுத்தடி என்று வைத்தால் 60 பக்க இதழ் ஒன்று 150 கிலோபைட் அளவுதான். அப்படியென்றால் ஒன்பது இதழ்களின் எழுத்து ஒரே வட்டில் அடங்கும். அதே இதழின் ஒரு பக்கத்தை, ஏ5 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் சாம்பல் நிறப் படமாக வருடினால், சுருக்காத கோப்பு 4 மெகாபைட்டைத் தாண்டும். ஒரு பக்கத்துக்கே மூன்று பிளாப்பி வேண்டும்! எழுத்தாகச் சேமிப்பது எவ்வளவு சிக்கனம் என்று தோன்றும்தானே. அங்கேதான் வில்லங்கம் இருக்குது.

நம் நாட்டு அச்சகங்களில் பரவலாக இருந்தது பாமினி எழுத்துரு. அது தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தது. 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். கோப்பு பேஜ்மேக்கரில் இருந்தால் அந்த மென்பொருளும் வேண்டும். பிளாப்பியைப் போடும் வாசலோ இன்றைய கணினிகளில் இல்லை.

நமக்கு இது புது அனுபவமும் இல்லை. வாப்பும்மாவின் பெட்டியில் இருந்த அரபுத்தமிழ்க் கிதாபு மொழியால் தமிழ். ஓசை தெரிந்ததுதான், வாசித்துக் காட்டினால் பொருளும் விளங்கும். ஆனால் எழுத்தைக் கூட்டி வாசிக்க வீட்டில் யாருமில்லை. பாமினி வட்டும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், கிதாபு வாசிக்க ஆளில்லாமல் போக இரண்டு மூன்று தலைமுறை எடுத்தது, வட்டுக்குப் பத்துப் பதினைந்து வருஷமே போதுமாக இருந்தது.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் பெரும்பாலும் தாளையே பக்கம் பக்கமாக வருடிப் படமாக்கியதன் நியாயம் இப்போது விளங்கும். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. பழைய ஈய எழுத்தும், கையெழுத்து இதழும், அரபுத்தமிழும் ஒரே மாதிரித்தான் ஏறும். படத்துக்குள் சொல் தேட முடியாது என்பது குறைதான். ஆனாலும் மல்லிகையும் அலையும் இன்று எந்த ஊரிலிருந்தும் வாசிக்கக் கிடைப்பது இந்த வழியால்தான். 1981இல் யாழ். பொது நூலகத்தோடு 97,000 அளவான நூல்கள் எரிந்ததைக் கண்ட ஊருக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருப்பதன் ஆபத்தை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து இடைவெளி வேறு. 1990 ஒக்டோபர் இறுதியில் வெளியேற்றப்பட்டபோது யாழ் நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பிள்ளையைத் தூக்குவார்களா, அலுமாரியில் இருந்த இதழை எடுப்பார்களா? சோனகதெருவில் இருந்த பாடசாலை மலர், பள்ளிவாசல் மலர், வாசகர் வட்டத்துக் கையெழுத்து இதழ் எல்லாம், யாரோ வெளியூரில் வைத்திருந்த பிரதி மட்டும்தான் இனி மூலம். புத்தளத்து முகாம் வருஷங்களில் கணினியில் கோத்து வந்தவற்றுக்கோ தாள் ஒரு பக்கம், வட்டு ஒரு பக்கம்.

வீட்டில் தாள் இருந்தால், கிழிந்திருந்தாலும் தாளையே வருடக் கொடுங்கள். வட்டு மட்டும்தான் இருக்குது என்றால், கோத்த அச்சகத்தாரிடம் எந்த எழுத்துரு என்று இப்போதே கேட்டு வட்டின் மேலேயே எழுதி வையுங்கள். யூஎஸ்பியில் பொருத்தும் பிளாப்பி வாசிப்பான் இன்னும் கிடைக்குது, பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகளும் உண்டு. மாற்றியபின் ஒருதரம் ஆளைக்கொண்டு வாசிப்பியுங்கள். ஹ, ஷ, ஸ, ஜ இருக்கும் இடம் எழுத்துருவுக்கு எழுத்துரு கொஞ்சம் மாறும். அதனால் முதலில் பிசகுவது நம்மவர் பெயர்கள்தான்.