கப்பலுக்குப் பூச்சு, சங்குக்குக் கேடு

கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டி வளர்ந்தால் வேகம் குறையும், எரிபொருள் செலவு கூடும். அதைத் தடுக்க 1960களில் ஒரு நச்சுப் பூச்சு புழக்கத்துக்கு வந்தது. அதிலிருந்த டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி, ஒரு வெள்ளீயச் சேர்மம்.

பூச்சிலிருந்து அந்த நச்சு கடல்நீரில் கசிந்துகொண்டே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. இங்கிலாந்தின் கரையோரப் பாறைகளில் வாழும் ஒரு சிறு சங்கினத்தில், பெண் சங்குகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, சில இடங்களில் அந்த இனமே அற்றுப்போனது. இதற்குப் பெரிய அளவு தேவைப்படவில்லை. ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒருசில பங்கே போதுமாக இருந்தது.

1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு இந்தப் பூச்சைத் தடை செய்தது. சில ஆண்டுகளில் ஆர்க்கஷோன் சிப்பி வளர்ப்பு தலைதூக்கியது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கொண்டுவந்த உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வர, பெரிய கப்பல்களுக்கும் தடை விழுந்தது. பல கரைகளில் சங்குகள் மீண்டும் பெருகின.

ஆனால் துறைமுகச் சேற்றில் படிந்த டிபிடி எளிதில் சிதையாது. தூர்வாரும்போது அது மறுபடி நீரில் கலக்கக்கூடும். அதனால்தான் அள்ளிய சேற்றைக் கடலில் கொட்டுமுன் பல நாடுகள் அதைச் சோதித்துப் பார்க்கின்றன.