பாகு ஏன் நூற்றைத் தாண்டுகிறது?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்தே தொடங்கலாம். வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 0 டிகிரியில் உறையும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்தால் கொதிநிலை சுமார் 0.15 டிகிரி ஏறும். உறைநிலை சுமார் அரை டிகிரி இறங்கும். சர்க்கரை, உப்பு என்று தானாக ஆவியாகாத எது கரைந்தாலும் இப்படித்தான்.

காரணம் இதுதான். தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியின் அழுத்தம் காற்றழுத்தத்தை எட்டும்போது தண்ணீர் கொதிக்கிறது. நடுவே சர்க்கரை புகுந்துவிட்டால், வெளியேறும் தண்ணீர் மூலக்கூறுகள் குறையும்; அழுத்தத்தை எட்ட இன்னும் சூடு வேண்டும். உறைவதிலும் அப்படியே. ஐஸ் படிகம் தண்ணீரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும், கரைந்த பொருளை ஒதுக்கிவிடும். படிகத்தில் வந்து ஒட்டும் தண்ணீர் குறைவதால், இன்னும் குளிர்ந்தால்தான் உறையும்.

இதில் வியப்பானது ஒன்று உண்டு. கரைந்தது என்ன என்பது முக்கியமில்லை, எத்தனை துகள்கள் என்பதே கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் 34 கிராம் சர்க்கரை கரைந்தால் உறைநிலை ஏறத்தாழ 0.19 டிகிரி இறங்கும். 6 கிராம் உப்பே அதை 0.35 டிகிரி இறக்கிவிடும். உப்பின் துகள்கள் சிறியவை. போதாததற்குத் தண்ணீரில் விழுந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும். எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு உறைநிலை இறங்கும் என்பதை 1788-இல் சார்லஸ் பிளாக்டன் எழுதினார். 1880-களில் பிரான்சின் ரவுல் அதைத் துகள் கணக்காகவே நிறுவினார்.

பருப்பில் முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதித்துச் சீக்கிரம் வேகும் என்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையை 0.2 டிகிரிகூட ஏற்றாது. வேகும் நேரத்தில் அதனால் ஒன்றும் மாறாது.

பாகுதான் உண்மையான விஷயம். அது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஆகவே கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை என்ற நிலையில் அது ஏறத்தாழ 112 டிகிரி. கம்பிப் பதத்துக்குப் பின் சூடு ஏறிக்கொண்டே போய், தண்ணீரில் விட்டால் உருளும் பதம் வரும், அதிரசத்துக்கு அதுதான். கடலை மிட்டாய்க்கு 'டங்' என்று சத்தம் வரும் பாகு 130 டிகிரியையும் தாண்டியது. பாட்டிமார் பதம் பார்க்கிறார்கள் என்றால், பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை விரலால் அளக்கிறார்கள். கடைசியில் மிச்சத் தண்ணீர் கொஞ்சம்தான் என்பதால் சூடு விறுவிறுவென ஏறும். அதனால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் பதம் தப்புகிறது. அந்தக் கட்டத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள். பாகு கருகாமல் முற்றிப்போயிருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். போன தண்ணீர்தானே திரும்ப வருகிறது, பதமும் இறங்கி வரும்.

இனி குல்ஃபி. சர்க்கரை கரைந்த பால் 0 டிகிரியில் உறையாது. உருகும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது, பானைக்குள் ஐஸ் மீது தூவும் கல்லுப்பு. உப்பு கரைந்த நீர் மறுபடி ஐஸாக முடியாமல் தவிக்க, ஐஸ் மட்டும் உருகிக்கொண்டே போகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ஐஸ் அதைத் தன்னிடமிருந்தும் பக்கத்துக் குல்ஃபி அச்சிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. சரியான விகிதத்தில் கலந்தால் அந்தக் கலவை −21 டிகிரி வரை இறங்கும். உப்பு தானாகக் குளிர்ச்சியைத் தருவதில்லை. ஐஸை உருகவைத்து வெப்பத்தைப் பறிக்கிறது.

உங்கள் டீயில் விழுந்த பாலையும் இதே கணக்கால் சோதிக்கலாம். பாலில் கரைந்திருக்கும் லாக்டோஸும் உப்புகளும் அதன் உறைநிலையை 0 டிகிரிக்குச் சுமார் அரை டிகிரி கீழே பிடித்து வைத்திருக்கின்றன. கொழுப்பு கரையாது என்பதால் கணக்கில் வராது. ஆகவே கொழுப்பு மிகுந்த பாலுக்கும் கொழுப்பு குறைந்த பாலுக்கும் இந்த அளவு பெரிதாக மாறாது. தண்ணீர் கலந்தால் மட்டும் உறைநிலை பூஜ்யத்தை நோக்கி ஏறும். பால் பண்ணைகளின் ஆய்வகங்களில் இதை அளக்கவே உறைநிலைமானி வைத்திருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.