இணையவழியில் நடிப்புக் கலை



கடந்த தவணை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். பாடசாலையிலே நாடகமும் அரங்கியலும் என்னும் பாடத்தைக் கற்றவன். எங்கள் ஊர்க் கூத்திலும் வேடம் புனைந்தவன். திரைப்படத்தில் நடிக்க வேண்டும் என்ற வேட்கை அவனுக்கு நெடுநாளாக உண்டு. தன் கைத்தொலைபேசியை என் முன் வைத்து, "ஐயா, இதில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. இரண்டிலும் காட்சி ஒன்று, வசனமும் ஒன்று. பார்த்துவிட்டு எது நன்று என்று சொல்லுங்கள்" என்றான்.

தந்தை இறந்த செய்தியைக் கேட்கும் மகனாக அவன் நடித்திருந்தான். முதலாவது பதிவில் புருவங்கள் ஏறி இறங்கின, கைகள் வீசின, "எப்போது?" என்ற வினா கூரையை எட்டுமளவுக்கு ஓங்கி ஒலித்தது. ஆயினும் எனக்குத் துயரம் தோன்றவில்லை. இரண்டாவதிலோ அவன் அசையாதிருந்தான். செய்தியைக் கேட்டபின் எதிரில் இருப்பவரைச் சற்று நேரம் நோக்கினான், பின்னர் தாழ்ந்த குரலில் "எப்போது?" என்றான். அந்த ஒரு சொல்லிலே என் நெஞ்சு கலங்கிற்று.

"முதலாவது, அம்மாவின் காப்பை அடைவு வைத்துக் கட்டணம் கட்டி மூன்று மாதம் படித்த பின் எடுத்தது. மற்றது, வேறோர் ஆசிரியரிடம் ஆறு வாரம் படித்த பின் எடுத்தது" என்றான். இரண்டும் இணையவழி வகுப்புக்களே. இரு இடத்திலும் அவன் ஆசிரியரை நேரிற் கண்டதில்லை. அங்ஙனமாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மேடை நடிப்பும் திரை நடிப்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே எனினும், அவை ஒன்றல்ல. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் இருக்கும் முதியவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆட்டம் தெரிய வேண்டும். எனவே குரலும் அசைவும் அங்கே பெருகியே தீர வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் அளந்து, ஆடரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று வரையறை கூறுகின்றது. திரை நடிகனுக்கு அரங்கு யாது? கமராவின் சட்டத்துக்குள் அகப்படும் இடமே அவனுடைய அரங்கு. 'குளோசப்' என வழங்கும் அண்மைக் காட்சியில் முகம் ஒன்றே அரங்காகி விடுகின்றது. அங்கே புருவம் சற்றே உயர்ந்தாலும் அது களரியில் ஒரு துள்ளலுக்கு ஒப்பாகும்.

தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைத்தார். மெய்ப்பாடு என்பது உள்ளத்தில் எழுந்த உணர்வு மெய்யின்கண் தோன்றுதல். முன்னர் உள்ளம், பின்னர் மெய் என்னும் இவ்வொழுங்கைக் கமரா மிகக் கண்டிப்பாக வற்புறுத்துகின்றது. உள்ளத்தில் ஒன்றுமின்றி மெய்யை மாத்திரம் அசைத்தால், அருகிருந்து நோக்கும் அக்கண் உடனே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். என் மாணவனுடைய முதற் பதிவின் குறை இதுவே.

1898ஆம் ஆண்டு மொஸ்கோ கலை அரங்கைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி, "இந்நிலையில் நானே இருந்தால் என்ன செய்வேன்?" என்று நடிகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் எனக் கற்பித்தார். சோவியத் நாட்டுத் திரைப்பட ஆசிரியர் குலெஷோவ், நடிகர் ஒருவரின் அமைதியான முகத்தை உணவுக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாறிமாறி இணைத்துக் காட்டினார் என்பர். முகம் ஒன்றே, பார்த்தவரோ ஓரிடத்திற் பசியையும் ஓரிடத்தில் துயரையும் கண்டனராம். பார்ப்போரின் உள்ளமும் நடிப்பிற் பங்குகொள்கின்றது என்பது இதனாற் புலனாகும். ஆகவே திரை நடிகன் உணர்வை வலிந்து திணிக்க வேண்டியதில்லை. உண்மையாக எண்ணினாற் போதும்.

இக்கலையைத் திரையின் வழியே கற்பிக்க முடியுமா எனச் சிலர் ஐயுறுகின்றனர். 1987ஆம் ஆண்டிலேயே ஆங்கில நடிகர் மைக்கல் கெயின், பீ.பீ.ஸி. தொலைக்காட்சியிலே மாணவ நடிகர் சிலரை வைத்துக்கொண்டு திரை நடிப்பைக் கற்பித்தார். அண்மைக் காட்சியிற் காரணமின்றி இமை கொட்டுதல் நடிகனின் வலிமையைக் குறைக்கும் என்பது அவர் கூறிய நுட்பங்களுள் ஒன்று. 2015ஆம் ஆண்டில் மாஸ்டர்கிளாஸ் என்னும் அமெரிக்க இணையப் பாடத்திட்டம் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியர்களுள் ஒருவராக டஸ்டின் ஹொஃப்மன் நடிப்புப் பாடம் நடத்தினார். உண்மையில் மற்றக் கலைகளுக்கு இல்லாத ஒரு வசதி இக்கலைக்கு உண்டு. மாணவனைத் தெரிவு செய்வோர் எந்தக் கமராவின் வழியாக அவனைப் பார்க்கப் போகின்றனரோ, அதே கமராவின் வழியாகவே ஆசிரியரும் அவனைப் பார்க்கின்றார்.

ஆயினும் இணையவழிப் பயிற்சி இரு வகைப்படும் என்பதை மறத்தலாகாது. முன்னரே பதிவு செய்த விரிவுரைகளை வழங்குவது ஒரு வகை. அது நல்ல நூலொன்றை ஒக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. குறித்த நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் சூம் போன்ற சாதனங்களிற் கூடி, மாணவன் நடிக்க, ஆசிரியர் பார்த்துத் திருத்துவது மற்றொரு வகை. என் மாணவன் முதலிற் சேர்ந்த இடத்தில் விரிவுரைக்குரிய பாடத்தைத் தந்து, திருத்தத்துக்குரிய கட்டணத்தை வாங்கினர். வாரந்தோறும் அவன் அனுப்பிய பதிவுகளுக்கு, "நன்று, தொடர்க" என்ற ஒரே மறுமொழி வந்தது. இறுதியில் ஓர் அழகிய சான்றிதழும் வந்தது. முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திய எனக்கு இதன் பொருள் விளங்கிற்று. அவனுடைய விடைத்தாளை எவரும் விரித்துப் பார்க்கவேயில்லை.

இரண்டாவது ஆசிரியர் பெரும் புகழ் படைத்தவரல்லர். அவர் இரண்டு நிமிடக் காட்சியொன்றைக் கொடுத்து, ஆறு வாரமும் அதையே திருத்தினார். முதல் வாரம், "வெறுஞ்சுவரைப் பார்த்துப் பேசாதே, கமராவின் அருகில் ஒருவரை இருத்தி அவரைப் பார்" என்றார். அவன் தங்கை வந்து அமர்ந்து எதிர்வசனம் வாசித்தாள். அடுத்த வாரம், "தங்கை இரண்டு முழத் தொலைவில் இருக்கிறாள், ஏன் வயலுக்கு அப்பால் நிற்பவளை அழைப்பதுபோற் பேசுகிறாய்?" என்றார். மூன்றாம் வாரம், "உன் முறை வருமுன்னரே பேசக் காத்திருக்கிறாய், முதலில் அவள் சொல்வதைக் கேள்" என்றார். கேட்கக் கற்றபோதுதான் அவன் நடிக்கத் தொடங்கினான்.

இனி, திரைத்துறையினர் 'ஒடிசன்' எனக் கூறும் நடிகர் தேர்வைப் பற்றிச் சில சொல்வேன். முன்னாளிற் கொழும்புக்கோ சென்னைக்கோ நேரிற் சென்று வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின், நடிகன் தன் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் 'செல்ஃப் டேப்' முறை பல நாடுகளிலும் பெருவழக்காயிற்று. இதனால் எழுந்த சுமையும் சிறிதன்று. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 2023ஆம் ஆண்டு 118 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், முதற் பதிவுக்கு 8 பக்கங்களுக்கு மேல் வசனம் கொடுத்தலாகாது என்ற விதியும் இடம்பெற்றது.

இப்பதிவுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைக் கிடையாக, கண்ணின் உயரத்திலே அசையாது நிறுத்துக. பின்னால் வெறுமையான சுவர் இருக்கட்டும். வெளிச்சம் முகத்துக்கு முன்னிருந்து வருதல் வேண்டும். சன்னலை முதுகுக்குப் பின் வைத்தால் முகம் இருண்டுவிடும். மார்பு முதல் தலை வரை தெரிந்தாற் போதும். எதிர்வசனம் வாசிப்பவர் கமராவை ஒட்டி அமர்ந்து மெதுவாக வாசிக்கட்டும். வேண்டுமென்று கேட்டாலன்றிக் கமராவுக்குள் நேரே பார்த்தலாகாது. மின்விசிறியை நிறுத்துக, படம் சற்று மங்கினாலும் பொறுப்பர், சொல் கேளாவிடிற் பொறார். பெயர், உயரம், ஊர் ஆகியவற்றைக் கேட்டிருந்தால் இயல்பாகக் கூறுக. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பியவரின் அறிவுறுத்தலை இருமுறை வாசித்து அதன்படி ஒழுகுக. வினாவை வாசியாது விடை எழுதுவோர் பரீட்சை மண்டபத்தில் மாத்திரம் இல்லை.

இணையவழிப் பயிற்சி தராதவையும் உள. உடலின் முழு அசைவு, ஒருவரோடொருவர் இணைந்து இயங்கும் ஒழுங்கு, கூட்டத்தின் முன் நிற்கும் துணிவு ஆகியவற்றைச் சிறு சட்டத்துக்குள் இருந்து முற்றாகக் கற்றல் அரிது. அவற்றுக்குப் பாடசாலை மேடையும் ஊர்க் களரியும் இன்றும் வேண்டும். நம் அண்ணாவியார் குரலையும் உடலமைப்பையும் பார்த்து ஆளைத் தேர்ந்து கூத்துக்குச் சட்டங் கொடுப்பார். அதுவும் ஒரு நடிகர் தேர்வே.

பெற்றோர்க்கு ஒரு சொல். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குதல் நியாயமே; வேடத்துக்குக் கட்டணம் வாங்குதல் நியாயமன்று. ஹொலிவூட் அமைந்த கலிபோர்னியா மாநிலத்தில், வாய்ப்புத் தேடித் தருவதாகக் கூறி முற்பணம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 2010ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் கீழ், 2017ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 5 நடிப்புப் பட்டறைகளைச் சேர்ந்த 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நடிகரைத் தெரிவு செய்வோரைச் சந்திப்பதற்கே மாணவரிடம் பணம் வாங்கினர் என்பது குற்றச்சாட்டு. திரைத்துறை செழித்த இடத்திலேயே இத்தகைய காவல் தேவைப்பட்டதாயின், கடல் கடந்து முகமறியாதவருக்குப் பணம் அனுப்பும் நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

எனவே கட்டணம் கட்டுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். என் பிள்ளையின் நடிப்பை யார் பார்ப்பார்? வாரத்தில் எத்தனை முறை திருத்துவார்? ஒரு வகுப்பை முன்னதாகப் பார்க்க இடந்தருவீர்களா? தெளிவான விடை வராவிடின் விலகி நில்லுங்கள். வேடம் நிச்சயம் என்று எவரேனும் உறுதி கூறினால், அவ்வுறுதியே விலகுவதற்குப் போதிய காரணமாகும். இரவு வேளையில் தனித்துக் காணொளி அழைப்புக்கு வரும்படி பெண்பிள்ளைகளைக் கேட்பவர், எத்துணைப் பெரியவராயினும் அவரை ஏற்றலாகாது.

என் மாணவனுக்கு இன்னும் வேடம் கிடைக்கவில்லை. மூன்று இடங்களுக்குப் பதிவு அனுப்பினான். ஓரிடத்திலிருந்து மாத்திரம் இரண்டாவது காட்சியொன்றை நடித்து அனுப்பும்படி கேட்டிருக்கின்றனர். பகலிற் கடையொன்றிற் கணக்கெழுதி, அச்சம்பளத்தில் அடைவை மீட்கச் சேர்த்து வருகின்றான். விடைபெறும்போது அவனிடம் முதற் பதிவை அழித்துவிடலாமே என்றேன். "வேண்டாம் ஐயா, அம்மாவின் காப்பு அதில் இருக்கிறது" என்றான்.