ஐசிங் கேக்: அழகும் அமானிதமும்

பெருநாள், அகீகா, வலீமா, பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த மகிழ்ச்சி என்று நம் வீட்டு விசேஷங்களில் இப்போது ஐசிங் கேக்குக்கும் ஓர் இடம் வந்துவிட்டது. முன்பு பேக்கரியில் மட்டும் கிடைத்ததை இன்று நம் பெண்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். கைபேசியில் பார்த்துப் பழகியவர்கள் அக்கம்பக்கத்தாருக்குச் செய்து கொடுத்து வருமானமும் பார்க்கிறார்கள். ஓர் அவன், சுழலும் பலகை, நாலைந்து நாசில், பைப்பிங் பை இருந்தால் தொடங்கிவிடலாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாத சகோதரிகளுக்கு இது நல்ல கைத்தொழில்.

ஆனால் கேக்கின் மேல் பூசப்படுவதை நம்மை நம்பிப் பிறர் வீட்டுக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். எனவே பூப்போடத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஐசிங்கில் என்ன இருக்கிறது, நம் ஊர் வெயிலில் அது எப்படி நிற்கும், டப்பாவின் லேபிளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

சர்க்கரையில் அலங்காரம் செய்வது நமக்குப் புதிதல்ல. பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குப் போனபோது, சுல்தானின் பெருநாள் விருந்தில் கிளை, இலை, பழம் எல்லாம் சர்க்கரையாலேயே செய்த மரத்தையும், ஏராளமான சர்க்கரை உருவங்களையும் கண்டதாக எழுதியிருக்கிறார். எகிப்தில் மீலாது நாட்களில் சர்க்கரைப் பொம்மை விற்கும் வழக்கம் இன்றும் உண்டு.

நான்கு வகை ஐசிங்

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஐசிங் சுகர். சர்க்கரையை மாவாக அரைத்து, கட்டி பிடிக்காமலிருக்கச் சிறிது சோளமாவு சேர்த்தது அது. மிக்சியில் அரைப்பதானால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து, நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். குருணை இருந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

விப்பிங் கிரீம்: கடைகளில் உறைந்த நிலையில் கிடைப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்தது. அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, நல்ல குளிர்ச்சியாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரமும் குளிர்ந்திருக்கட்டும். கரண்டியைத் தூக்கும்போது நுனி சற்றே வளைந்தால் பூசுவதற்குச் சரி. நிமிர்ந்து நின்றால் பூப்போடச் சரி. அதற்கு மேல் அடித்தால் திரிதிரியாகிவிடும்.

பட்டர்கிரீம்: உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமுக்கு ஐசிங் சுகர் 200 கிராம். முதலில் வெண்ணெயை மட்டும் நிறம் வெளுக்கும் வரை அடித்துவிட்டு, சர்க்கரையை இரண்டு மூன்று முறையாகச் சேர்க்க வேண்டும்.

ராயல் ஐசிங்: முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் கலந்தது. காய்ந்தால் ஓடு போல இறுகும். மெல்லிய கோடு, எழுத்து, வலை வேலைப்பாட்டுக்கு ஏற்றது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதற்குப் பதில் மெரிங் பவுடர் பயன்படுத்துவது நல்லது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சாப்பிடுவதாயின் இதில் கவனம் அவசியம்.

ஃபாண்டன்ட்: சப்பாத்தி போலத் தேய்த்து கேக்கைப் போர்த்துவது. சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கிளிசரின் ஆகியவற்றோடு, பல தயாரிப்புகளில் ஜெலட்டினும் இருக்கும்.

வெயிலில் நிற்க வேண்டுமே

வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். நம் ஊர் மதிய வெயில் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஐசிங் வேலையை சுபுஹுக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். கேக் முழுதாக ஆறாமல் பூசக் கூடாது. முதலில் மெல்லிய ஒரு பூச்சுப் பூசி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உதிர்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டாம் பூச்சு வழவழப்பாக வரும். பைப்பிங் பையில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கைச்சூட்டிலேயே கிரீம் இளகிவிடும்.

ஃபாண்டன்ட் கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறந்தால் மேலே வியர்த்து, சாயம் ஓடும். அறையின் சூட்டுக்கு வரும் வரை பெட்டியோடு வையுங்கள். காரில் கொண்டு போகும்போது மடியில் வைக்காமல், சமதளமான கீழ்ப்பகுதியில் வையுங்கள்.

லேபிளைப் படியுங்கள்

ஜெலட்டின், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். ஃபாண்டன்டிலும் மார்ஷ்மெலோவிலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பொட்டலங்களில் சைவப் பொருளுக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். ஜெலட்டின் சேர்ந்த பொருளுக்கு அந்தப் பச்சைப் புள்ளி போட முடியாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்து கொடுத்த பொட்டலமானால் ஹலால் முத்திரையைப் பாருங்கள். கேக் மேல் ஜெல்லி அடுக்கு வேண்டுமானால், நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசியே போதும். ஜெலட்டினைப் போல அது வெயிலுக்கு உருகுவதும் இல்லை.

பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெனிலா எக்ஸ்ட்ராக்ட் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. அமெரிக்கத் தரவிதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். ஆல்கஹால் இல்லை என்று எழுதிய எசென்சையோ வெனிலா பவுடரையோ வாங்கலாம். சிவப்பு நிறத்தில் 120 என்ற எண் இருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சாயம். இதுபற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உணவு நிறங்களிலும் அளவு உண்டு. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். பொதுவாக ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. துணிச்சாயமான ரோடமின் பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. கருஞ்சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்று நிறத்தைக் கொட்டாதீர்கள். கறுப்புக்கு கோகோ கலந்த ஐசிங்கில் தொடங்கினால் கொஞ்சம் நிறமே போதும். கலந்து சில மணி நேரம் வைத்தால் நிறம் தானாகவே கூடும். மினுக்குத் தூள் வாங்கும்போது 'நச்சற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாப்பிடத் தக்கது என்று பொருளில்லை. 'உண்ணத் தக்கது' என்றும், உட்பொருட்களின் பட்டியலும் இருக்க வேண்டும். நிஜப் பூ வைப்பவர்கள் அரளியைத் தொடவே வேண்டாம். அது விஷம்.

உழைப்புக்கும் கணக்கு உண்டு

விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் பெற வேண்டும். சிறு தயாரிப்பாளருக்குக் கட்டணம் குறைவு, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முட்டை, பால், முந்திரி, பாதாம் சேர்ந்திருந்தால் பெட்டியில் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர்க்காப்பு. உள்ளே குச்சியோ கம்பியோ செருகியிருந்தால் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விலை வைப்பதில்தான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கிலோ கேக்குக்குப் பொருள் 450, பெட்டியும் அட்டையும் 60, மின்சாரம் 30 என்றால் மொத்தம் 540 ரூபாய். அதை 600க்குக் கொடுத்தால் நான்கு மணி நேர வேலைக்கு மிஞ்சுவது 60 ரூபாய், அதாவது மணிக்கு 15 ரூபாய். "சொந்தக்காரங்கதானே" என்று பேரம் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 75 ரூபாய் வைத்தால்கூட அந்தக் கேக்கின் விலை 840.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கி ஐந்தடுக்கு கேக் வைக்க வேண்டியதில்லை. அளவாக வாங்குங்கள், என்ன சேர்ந்திருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள். செய்யும் சகோதரிகள் பொருள் வாங்கிய டப்பாக்களைக் கேக் கொடுத்து முடியும் வரை தூக்கி எறியாமல் வையுங்கள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். அந்த நம்பிக்கைதான் அடுத்த ஆர்டரைக் கொண்டு வரும், இன்ஷா அல்லாஹ்.