ஆற்றுச் சேற்றில் உறையும் நஞ்சு

நீரின் தூய்மையை நாம் பெரும்பாலும் கண்ணாலேயே அளவிடுகின்றோம். தெளிந்தது தூயது, கலங்கியது அழுக்குடையது என்பது நம் எண்ணம். ஆயின், மேலே தெளிந்தோடும் ஆறொன்று அடியிலே நஞ்சைச் சுமந்து கிடத்தலுங் கூடும். இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஹட்சன் ஆற்று வரலாறு நன்கு விளக்குகின்றது.

நியூயோர்க் மாநிலத்தின் வடபால் மலைகளிலே தோன்றி, நியூயோர்க் மாநகரை அடுத்துக் கடலொடு கலப்பது இவ்வாறு. இதன் மேற்பாகத்துள்ள ஹட்சன் போல்ஸ், போட் எட்வேட் என்னும் ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் இரு தொழிற்சாலைகள் மின்கொள்ளளவிகளைச் செய்துவந்தன. 1947 தொடக்கம் 1977 வரை, பல்குளோரீன் இருபீனைல் என்னும் எண்ணெய் போன்ற பொருள் அவற்றிலிருந்து ஆற்றிற் சேர்ந்தது. அதன் அளவு 13 இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாமென மதிப்பிட்டுள்ளனர்.

இப்பொருள் மனிதன் ஆக்கியது. எளிதிற் தீப்பற்றாது, வெப்பத்தாற் சிதையாது, மின்னைக் கடத்தாது. இக்குணங்களாலேயே மின்தொழில் இதனை விரும்பியது. ஆயின், தொழிற்சாலையிற் குணமாயிருந்த உறுதியே ஆற்றிற் குற்றமாயிற்று. நுண்ணுயிர்களும் இதனை எளிதிற் சிதைப்பதில்லை. நீரிற் பெரிதுங் கரையாமையால், உக்கிய இலைதழை கலந்த நுண்சேற்றைப் பற்றிக்கொண்டு அடியிற் படிகின்றது. சேற்றுப் புழுவைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்ண, கொழுப்பிற் கரையும் இந்நஞ்சு படிதோறும் செறிகின்றது. நீரிற் காண்டற்கரிய அளவினதாயிருந்தது, உண்பார் கலத்திலே தீங்கு செய்யும் அளவினதாய் வந்து சேர்கின்றது. இது மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013 இல் வகுத்தது.

நகரத்து மண்ணின் நிலையும் இத்தகையதே. நிலக்கரியும் எண்ணெயும் முற்றாக எரியாதவிடத்துத் தோன்றும் பல்வளைய ஐதரோகாபன்கள் புகைக்கரியொடு வீதியோர மண்ணிற் படிந்து, மழைநீரால் வாய்க்கால் வழியே ஆற்றடையலைச் சேர்கின்றன.

ஹட்சனில் 1973 இல் போட் எட்வேட் அணை அகற்றப்பட்டபோது, அதன் பின்னே தேங்கியிருந்த நச்சுச்சேறு கீழ்நோக்கிப் பரந்தது. 1976 இல் மேற்பாகத்தில் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது. கீழ்ப்பாகத்தில் வலைவீசி வாழ்ந்த பலரும் தொழிலிழந்தனர். நஞ்சை வீசியவர் ஒருவர். பயனை நுகர்ந்தவர் வேறொருவர். 1984 இல் ஆற்றின் ஏறத்தாழ 200 மைல் நீளமான பகுதி, துப்புரவாக்க வேண்டிய நச்சிடமாக மத்திய அரசின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2009 தொடக்கம் 2015 வரை, மேற்பாகத்தின் 40 மைலுள் ஏறத்தாழ 27½ இலட்சம் கனயார் சேறு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் பின்னரும், இவ்வாற்று மீனை உண்பது பற்றிய எச்சரிக்கை நீங்கவில்லை.

நஞ்சு கலந்த காலம் முப்பதாண்டு. அது நின்றபின் அகழ்வு தொடங்கக் கழிந்த காலமும் முப்பதாண்டுக்கு மேல். ஆற்றிலே விடுதல் எளிது, மீட்டல் அரிது. இரசாயனவியல் கற்கும் மாணவர், ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று வினாவுவதோடு அமையாது, பயன் முடிந்தபின் அஃது எங்கே செல்லும் என்றும் வினாவுதல் வேண்டும். இரண்டாவது வினாவை உரிய காலத்திற் கேட்டிருப்பின், ஹட்சனின் சேறு இன்று நமக்குப் பாடமாய் அமைந்திராது.