திருடனும் திதியும்

மணிக்கு 6 மைல் வேகத்தில் ஓடும் திருடன் ஒருவன் புறப்பட்டு ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, மணிக்கு 10 மைல் வேகத்தில் சைக்கிளில் செல்லும் சேவகன் அவனைத் தொடர்ந்தால், எப்பொழுது, எவ்விடத்தில் பிடிப்பான் என்பது போன்றதொரு கணக்கைப் பள்ளிப் பருவத்தில் சந்தித்திராதவர் நம்மில் அநேகமாக இரார். கணக்கைக் கண்டவுடனே, திருடன் போயிருக்கும் தூரம் 6 மைல், சேவகனுடைய வேகம் 10 மைல், ஆகவே 6-ஐப் 10-ஆல் வகுத்தால் 36 நிமிஷம் என்று பிள்ளைகளில் பலர் விடை எழுதிவிடுகிறார்கள். விடை தவறுதான், ஆனால் அந்தத் தவறு எவ்விதத்தில் நேர்ந்தது என்பதை அன்போடு ஆராய்ந்து பார்ப்போமானால், கணிதத்தின் ஓர் உயர்ந்த யுக்தி அதற்குள்ளேயே மறைந்திருப்பதைக் காணலாம்.

36 நிமிஷத்தில் சேவகன் ஆறாவது மைலை அடைவது மெய்யே. ஆயினும் திருடன் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை. அதற்குள் அவன் மூன்றரை மைலுக்குச் சற்று அதிகமாகவே முன்சென்றுவிட்டான். அந்தத் தூரத்தைச் சேவகன் கடப்பதற்குள் அவன் மேலும் 2 மைலுக்குமேல் போய்விடுகிறான். அதையும் கடப்பதற்குள் இன்னும் சிறிது தூரம். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் கணக்கிற்கு முடிவே இராது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானியாகிய ஸீனோ, அதிவேகமாய் ஓடும் அகிலீஸ் என்னும் வீரன், தனக்கு முன்னே புறப்பட்ட ஆமையை ஒருகாலும் எட்டமாட்டான் என்று வாதித்ததற்கும் இதே எண்ணமே ஆதாரம். அரிஸ்டாட்டில் போன்ற மேதாவிகளும் எடுத்து ஆராய்ந்த அந்தப் பிரச்னையின் வாசலில்தான் நம் வீட்டுப் பிள்ளையும் நின்று தயங்குகிறான்.

வெளியேறும் வழி மிகவும் எளிது. திருடன் எங்கே, சேவகன் எங்கே என்று இருவரையும் தனித்தனியே பின்தொடராமல், இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒன்றையே கவனிக்கவேண்டும். சேவகன் புறப்படும்போது அந்த இடைவெளி 6 மைல். ஒவ்வொரு மணி நேரத்திலும் சேவகன் அதில் 10 மைலைக் குறைக்கிறான், திருடன் 6 மைலைக் கூட்டுகிறான். ஆகவே அது மணிக்கு 4 மைல் வீதம் சுருங்குகிறது. 6-ஐ 4-ஆல் வகுத்தால் ஒன்றரை மணி. அந்நேரத்தில் சேவகன் சென்றது 15 மைல். மொத்தம் இரண்டரை மணி ஓடிய திருடன் சென்றதும் 15 மைலே. இரண்டும் ஒத்துவருவதே விடை சரியென்பதற்குப் பிரமாணம்.

வேகம் இன்னதென்று தெரியாவிட்டாலும் இந்த யுக்தி பயன்படும் என்பதைச் சீனர்கள் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என வழங்கும் அவர்களுடைய பழைய கணித நூலில் முயலைத் துரத்தும் நாய் ஒன்று வருகிறது. முயல் 100 தப்படி முன்னே இருக்கிறது. நாய் 250 தப்படி ஓடி, 30 தப்படி குறைவாக நின்றுவிடுகிறது. நில்லாமல் ஓடியிருந்தால் இன்னும் எத்தனை தப்படியில் பிடித்திருக்கும் என்பது கேள்வி. 250 தப்படி ஓட்டத்தில் இடைவெளி 70 சுருங்கியிருக்கிறது. எஞ்சிய 30-உம் சுருங்க, 250-ஐ 30-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 107 1/7 தப்படி. ஐரோப்பாவிலும், சார்லமேன் சக்கரவர்த்தியின் சபையை அலங்கரித்த அல்குயின் என்னும் பண்டிதர் பெயரால் வழங்கும் புதிர்த் திரட்டில், 150 அடி முன்னே நிற்கும் முயலை நாய் துரத்துகிறது. நாயின் பாய்ச்சல் 9 அடி, முயலின் பாய்ச்சல் 7 அடி. பாய்ச்சலுக்கு 2 அடி வீதம் சுருங்கி, 75-ஆம் பாய்ச்சலில் முயல் அகப்படுகிறது.

ஆனால் இதைப் பொதுவிதியாகவே சுருங்கச் சொல்லிவைத்த பெருமை நம் தேசத்து ஆரியபடருக்கு உண்டு. கி.பி. 499-ஐ ஒட்டி அவர் இயற்றிய ‘ஆரியபடீயம்’ என்னும் நூலின் கணித பாதத்தில், எதிரெதிராக வரும் இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்லும் இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுத்தால் அவை சந்திக்கும் காலம் கிடைக்கும் என்று ஒரே சுலோகத்தில் விதித்திருக்கிறார். அவர் வானசாஸ்திரியாகையால், நாயையும் முயலையும்விட உயர்ந்த யாத்திரிகர்களுக்கும் இவ்விதி பொருந்துவதை உணர்ந்திருந்தார்.

சந்திரன் நாளொன்றுக்குச் சராசரி 13 பாகைக்குச் சற்று அதிகமாகவும், சூரியன் ஏறக்குறைய 1 பாகையும், நட்சத்திரங்களினூடே கிழக்கு நோக்கி நகர்வதாக நமக்குத் தோன்றுகின்றன. அமாவாசையன்று சேர்ந்திருக்கும் இவ்விரண்டில், முந்திச் சென்ற சந்திரன் 360 பாகை சுற்றிவந்து மீண்டும் சூரியனைப் பிடிக்கவேண்டும். வேக வித்தியாசம் சுமார் 12.19 பாகை, 360-ஐ அதனால் வகுத்தால் சுமார் 29 1/2 நாள். அதுவே ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையிலுள்ள காலம். அவ்விடைவெளி 12 பாகை வளர்வதற்கு ஆகும் பொழுதைத்தான் நம் பஞ்சாங்கம் ஒரு திதி என்கிறது. பிரதமை, துவிதியை என்று நாம் நாள்தோறும் சொல்லிவருவது, சந்திரனின் ஸ்தானத்தையன்று, சூரியனின் ஸ்தானத்தையுமன்று. இரண்டிற்கும் நடுவிலுள்ள அந்தரத்தையே.

ஆகையால் பிள்ளைகளுக்கு முதலிலேயே சூத்திரத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒரு கோடு வரைந்து, மணிக்கு மணி இருவரும் நிற்குமிடத்தைக் குறிக்கச் செய்து, நடுவிலுள்ள தூரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்பதே நலம். தாமதமாகப் புறப்பட்ட காலத்தைத் தூரமாக மாற்றிக்கொள்ளவும், மைலையும் அடியையும், மணியையும் நிமிஷத்தையும் கலந்துவிடாமல் இருக்கவும் பழக்கினால் போதும். பிறகு அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அந்தி வேளையில் குழந்தையை மாடிக்கு அழைத்துப்போய், மேற்கே தோன்றும் பிறையைக் காட்டுங்கள். மறுநாளும் அதே வேளையில் காட்டுங்கள். பிறை முன்னைவிட மேலேறியிருப்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்த இடைவெளி, அன்று அதன் கண்முன்னே ஆகாயத்தில் வளர்ந்துகொண்டிருக்கும்.